அரை அங்குலம்

கொத்தனார் தூம்பை அரை அங்குலம் உயர்த்தி வைத்துவிட்டார்.
அவ்வளவுதான் நடந்தது.
ஐப்பசியிலிருந்து மொட்டைமாடியில் நிற்கிறது
கணுக்கால் தொடாத ஒரு குளம்.
என் கட்டிலுக்கு நேர் மேலே
அதன் வரைபடம், பச்சையாக.

எலெக்ட்ரீஷியன் குணசீலன்
நாலு தரம் "வந்துக்கிட்டே இருக்கேன்க்கா" என்றான்.
நீடாமங்கலத்தில் கேட் போட்டிருக்கிறதாம்.
அந்தக் கேட் யாருக்காவது எப்போதும் போட்டேதான் இருக்கிறது.
வீட்டுக்காரர் ராமாமிர்தம் சொன்னார்:
"மழைன்னா தண்ணி நிக்கத்தானேம்மா செய்யும்."

சம்பளத்துக்கு மறுநாள், டூட்டி முடிந்த கையோடு
பந்தலடிக்குப் போனேன்.
சிக்கந்தர் பாய் கடை.

"வீட்டு வேலைக்கா மேடம், கட்டட வேலைக்கா?"
ரெண்டுக்கும்.
"சார் என்ன சொன்னாங்க?"
சார் என்று யாரும் இல்லை. இருந்தவரும்
ஓர் ஆணி அடித்ததில்லை.

கண்ணாடி மேசையில் வரிசையாகப் படுக்கவைத்தார்.
முதலாவது பொம்மை மாதிரி. பிளைவுட்டுக்கு ஆகும்.
சுவரைக் கண்டால் சுற்றிக்கொண்டே நிற்கும்,
குத்தத் தெரியாது.
கடைசியில் இருந்தது பாலம் உடைப்பவர்களுக்கானது,
மூன்றரைக் கிலோ. தூக்கியதும்
மணிக்கட்டு வேண்டாம் என்றது.
நடுவில் ஒன்று. பதின்மூன்று எம்.எம். சக்,
"பழைய கணக்குல அரை இஞ்ச்."
சுற்ற மட்டும் தனி, சுற்றிக் குத்தத் தனி,
விரல் அழுத்தத்துக்கு ஏற்ற வேகம்,
திருகைக் கழற்றப் பின்னோக்கியும் ஓடும்.
"இது போதும் மேடம், ஆயுசுக்கும்."

அவருக்குத் தெரியாது.
எலும்பு ஆஸ்பத்திரி தியேட்டரில்
பதினோரு வருடமாக
டிரில்லை எடுத்து நீட்டுகிறவள் நான்.
மூன்றரை ஸ்க்ரூவுக்கு இரண்டரை பிட்,
நாலரைக்கு மூன்று புள்ளி இரண்டு.
டாக்டர் வாய் திறக்குமுன் கை போய்விடும்.
சூடேறாமல் சலைன் விட்டுக்கொண்டே இருப்பேன்.
தொடை எலும்பின் முதல் ஓடு,
உள்ளே மெத்தென்று ஒரு வெற்றிடம்,
இரண்டாவது ஓட்டைத் தொட்டதும் சத்தம் தடிக்கும்,
தாண்டும்போது சட்டென்று மெலியும்.
அங்கே நிறுத்தத் தெரியாதவன் கை
அந்தப் பக்கத்து நரம்பில் போய் நிற்கும்.
எல்லாம் தெரியும்.
விசையை அழுத்தியதுதான் இல்லை, ஒருநாளும்.

"தண்ணியில நின்னு போடணும் பாய்."

என்னைப் பார்த்தார்.
வயர் சுற்றிய நடு டிரில்லைப்
பேசாமல் பெட்டிக்குள் வைத்தார்.
உள்ளே போய்ப் பேட்டரியில் ஓடுவதைக் கொண்டுவந்தார்.
அதே சக், அதே குத்து.
பலம் ஒரு மாற்றுக் கம்மி, விலை இரட்டிப்பு.
கஜாவுக்குப் பிறகு கரண்ட் இல்லாத நாட்களை
இருவரும் மனதுக்குள் எண்ணினோம் போல,
பேரம் நடக்கவில்லை.
ஓரடி நீளத்தில் ஒரு சுவர் பிட்.
ராயல் பிளக் ஒரு பாக்கெட்.
அது ராயல் இல்லை, ராவல்.
இந்த ஊரில் சொல்லிப் பயனில்லை.

பில்லுக்குப் பெயர் கேட்டார்.
இன்பவள்ளி, என்றேன்.
சார் பெயருக்கு நீண்ட பேனா
அப்படியே திரும்பி எழுதியது.

மழை விட்ட ஒரு மதியம்.
ரப்பர் செருப்பு, தியேட்டர் கண்ணாடி.
பிட்டில் முக்காலடிக்கு அடையாளமாகப் பிளாஸ்திரி.
முதலில் குத்தாமல் சுற்று மட்டும்,
பிட் தடம் பிடிக்கும்வரை.
பிறகு குத்து.

சாம்பல் பொடி வந்தது. பூச்சு.
அப்புறம் சிவப்பு.
இந்த மண்ணில் எவ்வளவு தோண்டினாலும் கல் கிடையாது.
கோயிலுக்கே கல் வெளியூர்.
எங்கள் சுவரெல்லாம்
ஆறு கொண்டுவந்து போட்டு, சூளையில் சுட்ட வண்டல்.
பற்களுக்கிடையே அதன் நறநறப்பு.
தோள்பட்டை வரை நடுக்கம் ஏறியது,
இத்தனை நாள் டாக்டர் தனியாக வைத்திருந்த நடுக்கம்.

சத்தம் தடித்தது.
பிடியைத் தளர்த்தினேன்.
மெலிந்தது.
நிறுத்தினேன்.

தண்ணீர் வந்து துளையை மோந்து பார்த்தது,
ஒரு சுழி போட்டது,
போயிற்று.

"யாரது மேல!"
கீழே ராமாமிர்தத்தின் ஸ்கூட்டர் சீட்டில்
நூலாகச் சிவப்பு இறங்கிக்கொண்டிருந்தது.
நான் அடுத்த துளைக்குப்
பென்சிலால் குறி வைத்துக்கொண்டிருந்தேன்.
இன்னும் நாலு போட வேண்டும்.
பேட்டரியில் இரண்டு விளக்கு எரிகிறது.